ஐந்து லிட்டர் ஜக்கும் வேல்விழி டீச்சரும்

காஸ்டிக் லை, கிலோ கணக்கில்:

31.3.2018. வரவு 7,200. கொடுத்தது 4,790. குறைவு 2,410.
31.3.2019. வரவு 6,540. கொடுத்தது 4,362. குறைவு 2,178.
31.3.2020. வரவு 6,810. கொடுத்தது 4,535. குறைவு 2,275.
31.3.2021. வரவு 4,350. கொடுத்தது 2,905. குறைவு 1,445.
31.3.2022. வரவு 6,900. கொடுத்தது 4,588. குறைவு 2,312.

குறைவுக்குக் காரணம், எல்லா ஆண்டுக்கும்: சிந்தலும் ஆவியும்.

இந்த ஐந்து வரிகளும் என் கையெழுத்தில் உள்ளவை. காஸ்டிக் லை என்பது துணியை வெளுக்கப் போடும் காரத் திரவம். மங்கலம் சாலையில் ஒரு சாயப்பட்டறையின் ஸ்டோரில் 1994 முதல் 2022 வரை இருந்தேன். நான் எழுதிய ரிஜிஸ்டர்களில் இப்படி இருபத்தெட்டு வரிகள் இருக்கின்றன. முதலாளியின் அப்பா அவற்றைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆடிட்டர் பச்சை மையில் டிக் அடித்தார். ஆண்டுதோறும் ஏன் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று ஒருவர்தான் கேட்டார். அவர் பெயர் வேல்விழி. இது அவரைப் பற்றியது.

பிறந்தது 12.5.1995, அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில். அப்பா ராமர் 2002இல் இறந்தார். மறு ஆண்டு அம்மா மூக்கம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்து, பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். ராயபுரத்தில் ஒரு லைன் வீடு. மகள் மாநகராட்சிப் பள்ளியில் படித்து, 2015இல் பி.எஸ்ஸி. வேதியியல், 2017இல் பி.எட். முடித்தார். ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தார். கொரோனாவில் அந்தப் பள்ளி மூடப்பட்டது. 2.11.2020 திங்கட்கிழமை எங்கள் பட்டறையின் லேபில் உதவியாளராகச் சேர்ந்தார். அன்று அவர் கொடுத்த சான்றிதழ் நகல்களை வாங்கிக் கோப்பில் வைத்தவன் நான் என்பதால் இந்தத் தேதிகளெல்லாம் தெரியும்.

பள்ளி வேலை போனதைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை. ஆனால் லேபில் போடும் வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் இரண்டு சாக்பீஸ் துண்டு கிடக்கும்.

2021 ஜூனில் வெளிநாட்டு பையர் ஒருவர் ஒரு நிபந்தனை போட்டார். கெமிக்கலைக் கையாளுகிறவர்களுக்கு அளவு, எடை பற்றிப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும், அதற்கு வருகைப் பதிவும் காட்ட வேண்டும். முதலாளி தரணீதரன் வேல்விழியைக் கூப்பிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"நீ டீச்சரா இருந்தவதானே கண்ணு. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒக்கார வெச்சுப் பேசு. நாலு போட்டோ, ஒரு கையெழுத்து. ஆடிட்டுக்கு அது போதும்."

"பேசுனா மட்டும் போதுமா சார், கத்துக்குடுக்கணுமா?" என்று வேல்விழி கேட்டார்.

முதலாளி சிரித்தார். "ரெண்டுல எது சுலபமோ அதைப் பண்ணு."

அவர் சுலபமில்லாததைச் செய்தார். 4.7.2021 முதல் 17.7.2022 வரை ஐம்பத்தைந்து ஞாயிற்றுக்கிழமைகள். பண்டிகைக்கு நான்கு போக, ஐம்பத்தொரு வகுப்புகள். பதினோரு பேர், எல்லாரும் கலர் கிச்சனில் சாயமும் கெமிக்கலும் நிறுத்துக் கலக்குகிறவர்கள். கேண்டீனில் வகுப்பு நடக்கும். கேண்டீனுக்கும் ஸ்டோருக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். ஐம்பத்தொரு வகுப்புகளும் என் காதில் விழுந்தன.

அவர் புத்தகத்தை எடுக்கவில்லை. துணியில் வட்டம் வெட்டுகிற ஜி.எஸ்.எம். கட்டரை எடுத்து வந்தார். அது வெட்டும் வட்டம் சரியாக நூறு சதுர சென்டிமீட்டர். அந்த வட்டம் 1.8 கிராம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் ஏன் 180 கிராம் என்பதைப் புரியவைக்க மூன்று ஞாயிறு ஆனது. பிறகு எல்லாரையும் மெஷின் பக்கம் அழைத்துப்போய், கெமிக்கல் கலக்கும் தொட்டியை டேப் வைத்து அளக்கச் சொன்னார். நீளம் 120, அகலம் 100, உயரம் 75 சென்டிமீட்டர். பெருக்கினால் தொள்ளாயிரம் லிட்டர். அதை எல்லாரும் ஆயிரம் லிட்டர்த் தொட்டி என்றே சொல்லி வந்தோம். பெயிண்டில் 1000 என்று எழுதியும் இருந்தது.

"மீதி நூறு லிட்டரை யாரு குடிச்சா டீச்சர்?" என்றான் முனீஸ். முப்பது வயது, இரண்டு குழந்தைகளுக்கு அப்பன். எல்லாவற்றுக்கும் ஒரு பேச்சு வைத்திருப்பான்.

"பெயிண்டர் குடிச்சிருப்பாரு. நீ கணக்கை எழுது."

2022 ஏப்ரலில் அடர்த்திக்கு வந்தார்கள். இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்கள், மூடி இறுக்கி டேப் சுற்றியவை. ஒன்றில் தண்ணீர், மற்றதில் காஸ்டிக் லை. நாற்பத்தாறு வயது சித்ராதேவி, கிச்சனில் மூத்தவர். அவருக்குக் கைக்கொன்றாகக் கொடுத்து எது கனம் என்று வேல்விழி கேட்டிருக்கிறார்.

"இந்தக் கையில இருக்கது கல்லு கணக்கால்ல இருக்கு. ரெண்டும் ஒரு லிட்டர்தானா டீச்சர்?"

"ஒரு லிட்டர்தான்க்கா. லிட்டர்ங்கிறது அது அடைச்சிக்கிற எடம். கிலோங்கிறது அதோட எடை. தண்ணிக்கு மட்டும் ரெண்டும் ஒண்ணா வரும். நாம பொழுதன்னிக்கும் தண்ணியப் பார்த்தே பழகிட்டோம், அதான் எல்லாத்துக்கும் அப்படித்தான்னு நெனைக்கோம். லை ஒரு லிட்டர் ஒண்ணரைக் கிலோ."

"அப்ப நம்ம வீரணன் மாஸ்டருக்கு அடர்த்தி ஜாஸ்தி டீச்சர். எடம் கொஞ்சம், எடை கூட," என்றான் முனீஸ். ரெசிபி போடுகிற சாய மாஸ்டர் அவர். குள்ளம், நல்ல பருமன். சிரிப்பு அடங்க நேரமானது.

சிரிப்பு அடங்கியதும் வேல்விழி சொன்னார்: "அடர்த்தி எழுதுனா பக்கத்துலயே சூடு எத்தனை டிகிரின்னும் எழுதணும். சூட்டுக்குச் சூடு அது மாறும். எழுதாட்டி பாதி மார்க்குதான். யாரா இருந்தாலும்."

தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் என் ஜக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஜக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் ஜக். 1994இல் நான் வேலைக்குச் சேர்ந்த வாரம், அப்போதிருந்த ஜக்கில் கோடுகள் ஒழுங்காக இல்லை என்று புதிதாக ஒன்று வாங்கினேன். பெரிய தராசில் வைத்து, ஒரு கிலோ தண்ணீர் ஊற்றி முதல் கோடு, இரண்டு கிலோ ஊற்றி இரண்டாம் கோடு என்று சிவப்பு எனாமலில் போட்டேன். ஒரு கிராம் பிசகாமல் இருக்க மூன்று முறை ஊற்றிப் பார்த்தேன். ஜக் தேயத் தேயப் புதிதாக வாங்கி, பழைய கோட்டைப் பார்த்து அதிலும் கோடு போடுவேன். கோடுகளுக்குப் பக்கத்தில் 1 கி., 2 கி. என்று எழுதியிருந்தேன். பீப்பாயிலிருந்து லை அளந்து கொடுத்தது அந்த ஜக்கில்தான். ரிஜிஸ்டரில் கிலோ என்று எழுதியதும் அதைப் பார்த்துத்தான்.

அடுத்த நாள், 25.4.2022 திங்கள், வேல்விழி ஸ்டோருக்கு வந்தார். பயிற்சிக்கு உண்மையான கணக்கு வேண்டும் என்று பழைய ரிஜிஸ்டர்களைக் கேட்டார். கொடுத்தேன். நின்றபடியே புரட்டினார். பிறகு உட்கார்ந்தார்.

"ஐயா, காஸ்டிக் ஆவியாகுமாய்யா?"

"கெமிக்கல்னா கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் போகும்ங்க," என்றேன்.

"வருசா வருசம் மூணுல ஒரு பங்கா போகும்? சொல்லிவச்ச மாதிரி?" அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், அது எளிது. "உங்க கோடு தண்ணிக்கு ரொம்பச் சரியா இருக்கய்யா. லைக்குத்தான் சரியில்ல. நீங்க பத்துக் கிலோன்னு எழுதுறப்பல்லாம் பதினஞ்சு கிலோ போயிருக்கு. ஒண்ணுமே சிந்தல."

"இருபத்தெட்டு வருசமா இதே ஜக்குல ஊத்தித்தானுங்க இந்த ஊரு பூராத் துணி வெளுத்துப் போயிருக்குது. ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லீங்க," என்றேன்.

"வராதுய்யா. மாஸ்டர் துணியப் பார்த்துப் பார்த்துத்தானே ரெசிபி போட்டிருக்காரு. உங்க ஜக்குக்குத் தோதா அது அமைஞ்சு போச்சு. அதுலதான் இப்ப எனக்குப் பயமே."

அந்தப் பயம் எவ்வளவு சரி என்பதை விளங்கச் சொல்கிறேன். துணியைச் சாயத்துக்கு முன் வெளுப்பார்கள். முந்நூறு கிலோ துணிக்கு 2,400 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு நான்கு கிராம் லை என்பது மாஸ்டரின் ரெசிபி. பெருக்கினால் 9.6 கிலோ. ஆனால் என் ஜக்கில் 9.6 அளந்தால் உள்ளே போவது 14.4 கிலோ. துணி உண்மையில் கேட்டது அந்த 14.4ஐத்தான். தாளில் இருந்த நான்கு கிராம், தொட்டியில் எப்போதும் ஆறு கிராமாகவே இருந்தது. ஆக, கிச்சனில் யாராவது ஒருநாள் ஒழுங்காக நிறுத்துப் போட்டால் துணி கெடும்.

ஜூனில் இன்னொன்று நடந்தது. பின்னலாடைத் தொழிலாளர்களுக்கான ஒரு பயிற்சி மையத்தில் பயிற்றுநர் வேலைக்கு விளம்பரம் வந்தது. பி.எஸ்ஸி., பி.எட்., அத்துடன் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஓராண்டு பாடம் நடத்திய அனுபவச் சான்று. கடைசி நாள் 5.8.2022. வேல்விழியிடம் எல்லாம் இருந்தது, முதலாளி கையெழுத்துப் போட வேண்டிய அந்தச் சான்றைத் தவிர. ஜூலை இறுதியில் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். மூக்கம்மாள் அதற்குள் தன் லைனில் எல்லாரிடமும் சொல்லிவிட்டதாகச் சித்ராதேவி சொன்னார். "கவருமெண்டு வேலை இல்லேன்னாலும் டீச்சர் வேலைதான்" என்றாராம்.

18.7.2022 திங்கள், கிச்சனுக்கு மின்னணுத் தராசு வந்தது. பையரின் ஆடிட் நெருங்கியதால், 20ஆம் தேதி முதல் எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே போட வேண்டும் என்று முதலாளி உத்தரவிட்டார். 19ஆம் தேதி மாலை நான்கு பத்துக்கு வேல்விழி ஒரு சீட்டுக் கொண்டுவந்தார். பட்டறையில் ரெசிபி மாற்றம் எதுவானாலும் ஸ்டோரில் பதிந்து, எண் போட்டு, அதன்பின்தான் மாஸ்டருக்குப் போகும். எண் இல்லாத சீட்டை வீரணன் தொடமாட்டார். அந்த விதியைக் கொண்டுவந்ததும் நான்தான். சீட்டில் இருந்தது இது:

"நாளை முதல் லை தராசில் நிறுக்கப்படும். எனவே பிளீச் ரெசிபியில் 4 கிராம் என்பதை 6 கிராம் என மாற்றவும். காரணம்: ஸ்டோர் ஜக் தண்ணீருக்கு அளவிடப்பட்டது, லையின் அடர்த்தி 1.5 (30 டிகிரி)."

"நாளைக்கு நான் லீவுய்யா. கோயமுத்தூர்ல காலேஜுல ஒரு சான்று வாங்கணும், வேலைக்கு எழுதிப் போட. இது இன்னிக்கே மாஸ்டர் கைக்குப் போயிரணும்," என்றார்.

"போயிருமுங்க," என்றேன்.

அவர் போனபின் சீட்டை மறுபடி படித்தேன். காரணம் என்ற வரியை வீரணன் படிப்பார், முனீஸ் படிப்பான், வெள்ளிக்கிழமைக்குள் கேண்டீன் முழுக்க ஸ்டோர் ஜக்கைப் பற்றிப் பேச்சாக இருக்கும். கணக்கை நானும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பலாம், ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். சீட்டை மேசை இழுப்பறையில் வைத்தேன். இருபத்தெட்டு ஆண்டுகளில் என் கைக்கு வந்து ரிஜிஸ்டரில் ஏறாத தாள் அது ஒன்றுதான்.

20ஆம் தேதி இரண்டு மெஷின்களில் அறுநூறு கிலோ துணி, வெளிர் நீலத்துக்கு. சித்ராதேவியும் முனீசும் படித்தபடியே செய்தார்கள். தராசைப் பூஜ்யத்தில் நிறுத்தி, காலி வாளியின் எடையைக் கழித்து, மெஷினுக்கு 9.6 கிலோ. கிராம் பிசகவில்லை. 21ஆம் தேதி காலை துணியை விரித்தபோது நீலம் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. பருத்தி விதைத் துகள்கள் கரும்புள்ளியாக அப்படியே இருந்தன. மாஸ்டர் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். துணி குடிக்கவில்லை. சொட்டு முத்துப்போல மேலேயே நின்றது.

விசாரணை 23ஆம் தேதி சனிக்கிழமை, முதலாளி அறையில்.

"என்னம்மா செஞ்சீங்க?" என்று முதலாளி சித்ராதேவியைக் கேட்டார்.

"டீச்சர் சொல்லித்தந்தபடிதான் நிறுத்தோம் சார். ஒரு சொட்டுக் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல." அவர் வேல்விழிக்கு நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

வீரணன் சொன்னார்: "என் ரெசிபி பதினஞ்சு வருசமா ஓடுது மொதலாளி. மாறுனது ஒண்ணே ஒண்ணுதான். பாடம்."

"ரெசிபிய மாத்தச் சொல்லி நான் சீட்டுக் குடுத்தேன் சார். பத்தொம்பதாந் தேதி, நாலு பத்துக்கு. ஸ்டோர் ஐயா கையில," என்றார் வேல்விழி.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏனுங் அப்புசாமிண்ணா, சீட்டுக் குடுத்தேங்குதுங்க. உங்க ரிஜிஸ்டர்ல இருக்குதுங்களா?"

"இல்லீங்க," என்றேன்.

அது உண்மை. ரிஜிஸ்டரில் இல்லை.

"அவரு எழுதலேன்னா அது நடக்கலைன்னு அர்த்தமுங்க," என்றார் முதலாளி. "எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான்."

வேல்விழி என்னைப் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து சாக்பீஸ் துண்டுகளை எடுத்து முதலாளியின் மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார்.

அனுபவச் சான்று தரப்படவில்லை. திட்டு விழுந்த அறுநூறு கிலோவையும் கறுப்பில் போட்டார்கள். கெட்ட துணியெல்லாம் கடைசியில் கறுப்புக்குத்தான் போகும். தராசுக்கு ஒரு பாலித்தீன் உறை மாட்டி மூலையில் வைத்து, திங்கட்கிழமை என் ஜக்கைத் திரும்ப எடுத்தார்கள். அன்றைய துணி பால்போல வெளுத்தது. "பார்த்தீங்களா" என்று முதலாளி எல்லாரிடமும் சொன்னார். வேல்விழியின் பாடம் தவறு என்பதற்கு அந்தத் துணியே சாட்சியானது. ஆகஸ்டு 5 வந்து போனது. ஆடிட்டுக்கு வந்தவர்கள் ஐம்பத்தொரு வகுப்புகளின் வருகைப் பதிவைப் பார்த்துப் பாராட்டினார்கள். அந்தப் பதிவும் என் கையெழுத்தில்தான் இருந்தது.

30.12.2022 அன்று ஓய்வு பெற்றேன். சால்வை போட்டார்கள். அப்புசாமிண்ணா ரிஜிஸ்டரில் ஓர் அடித்தல் இருக்காது என்று முதலாளி பேசினார். இழுப்பறையைக் காலி செய்தபோது சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பழைய ரிஜிஸ்டர்களையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஒன்பது நாட்கள் உட்கார்ந்து, இருபத்தெட்டு ஆண்டுகளுக்கும், ஆண்டுக்கு ஒரு பக்கமாக, ஜக் கிலோவை ஒன்றரையால் பெருக்கி எழுதினேன். சிந்தலும் ஆவியும் என்ற வரி எல்லாப் பக்கத்திலும் அநேகமாகப் பூஜ்யமாகிவிட்டது.

9.1.2023 திங்கட்கிழமை முதலாளியிடம் சீட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சீட்டைத் தொடவில்லை. "முடிஞ்சதைக் கிளறி என்னாகப் போகுதுங்ணா. ஊட்டுல நிம்மதியா இருங்க," என்றார்.

அன்று மாலை ராயபுரம் போனேன். மூக்கம்மாள் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்ன பிறகும் மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும். எம்மக சொல்லியிருக்கா. ரொம்பத் துல்லியமானவருன்னு."

முகவரி கேட்டேன்.

"என்னத்துக்கு? இன்னும் எதுவும் எழுதாம விட்டுப்போச்சா?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "ஊருலதான் இருக்கா. எங்கண்ணன் வீட்டுல. அருப்புக்கோட்டையில ஒரு ஜவுளிக்கடையில நிக்கா. துணி அளந்து கிழிச்சுக் குடுக்கணும். மீட்டர் அளக்கா, பி.எஸ்ஸி. பி.எட். படிச்சுட்டு." முகவரியை மகளின் பழைய நோட்டுத் தாளில் எழுதித் தந்தார். "நீங்க எழுதுங்க. அவ பதில் போடுவான்னு மட்டும் நெனைக்காதீக."

இரண்டு பதிவுத் தபால்கள் அனுப்பினேன், 11.1.2023 புதன்கிழமை. ஒன்று பயிற்சி மையத்துக்கு: அவருடைய கணக்கு சரி, என்னுடையது 1994இலிருந்து தவறு, ஐம்பத்தொரு வகுப்புகள் நடந்தன, நான் சாட்சி. மற்றது வேல்விழிக்கு: இருபத்தெட்டுப் பக்கங்களின் நகல், அந்தச் சீட்டு, அரைப் பக்க மன்னிப்பு.

மையத்தின் பதில் 23ஆம் தேதி வந்தது. அந்தப் பணியிடம் 15.9.2022 அன்று நிரப்பப்பட்டுவிட்டது. தங்கள் கடிதம் கோப்பில் வைக்கப்பட்டுள்ளது.

அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. என் இருபத்தெட்டுப் பக்கங்களும் திரும்பி வந்திருந்தன, சீட்டும் வந்திருந்தது. மன்னிப்பு எழுதிய தாளும் இருந்தது, அதில் எந்தக் குறியும் இல்லை. கணக்குப் பக்கங்களில் ஒவ்வொரு வரிக்கும் சிவப்பு மையில் டிக். 2011-12ஆம் ஆண்டுப் பக்கத்தில் கூட்டலில் முப்பது கிலோ பிசகியிருந்தேன். அதை வட்டமிட்டுத் திருத்தியிருந்தார். முதல் பக்கத்தில், லையின் அடர்த்தி 1.5 என்று நான் எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி: "எத்தனை டிகிரியில்? எழுதவில்லை." கடைசிப் பக்கத்தின் அடியில் 5/10 என்று போட்டுக் கீழே கோடிட்டிருந்தார். வேறு ஒரு சொல்லும் இல்லை. பெயர்கூட இல்லை. நானும் அதன்பின் அவருக்கு எழுதவில்லை, அவரிடமிருந்தும் எதுவும் வரவில்லை.

அந்த உறை என் கைக்கு வந்தது 9.2.2023, வியாழக்கிழமை.